சென்னையில் நர்சுக்குத் தட்டுப்பாடு என்கிறார்கள், என் மகளுக்கு 13,000 ரூபாய் என்கிறார்கள். எது உண்மை?

2023 ஜனவரி 8, காலை (கேள்வி)

எங்களுக்குத் திண்டிவனம் பக்கம். மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டாள். சென்னையில் மூன்று தனியார் மருத்துவமனைகளுக்கு நேர்காணலுக்கு அழைத்துப் போனேன். ஒன்றில் 13,000, இன்னொன்றில் 14,500, மூன்றாவதில் 12,000 ரூபாயும் விடுதியும். மூன்று இடத்திலும் அசல் சான்றிதழை ஒப்படைக்க வேண்டுமாம். இரண்டு ஆண்டுக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டுமாம். படிப்புக்கு வாங்கிய கடன் வட்டியோடு நிற்கிறது. நாளிதழைத் திறந்தால் நர்சுக்குத் தட்டுப்பாடு என்று எழுதுகிறார்கள். தட்டுப்பாடான பொருளுக்கு விலை ஏறத்தானே வேண்டும்? தக்காளிக்கு ஏறுகிறதே.

2023 ஜனவரி 8, இரவு

நீங்கள் பார்த்துவிட்டு வந்த நேர்காணல் மேசையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவள் நான். புறநகரில் 110 படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட். பெயர் வேண்டாம், வேலை வேண்டும்.

முதலில் அவசரமானது: அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். நகல் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டு அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாரும் கொடுக்கிறார்களே" என்பார்கள். சரிபார்ப்பதற்கு ஒரு நாள் போதும், இரண்டு ஆண்டு எதற்கு?

இனித் தட்டுப்பாடு. எங்கள் வாசலில் "செவிலியர் தேவை" என்ற பலகை நான் சேர்ந்த நாளிலிருந்து தொங்குகிறது. போன மாதம் மாண்டஸ் புயலில் கிழிந்து பறந்தது. இரண்டாவது மாடியில் பெயர்ந்த தகரக் கூரை இன்னும் அப்படியே இருக்கிறது, பலகை மூன்றாம் நாளே புதிதாக வந்துவிட்டது. அந்த அளவுக்குத் தேவை இருக்கிறது. ஆனால் இந்தச் சம்பளத்துக்கு வருகிற ஆள் தேவை, வந்தபின் நிற்கிற ஆள் அல்ல. தக்காளி ஒரு மழையில் அழிந்தால் அடுத்த விளைச்சல் வரை வழியில்லை. நர்ஸ் அப்படி இல்லை. ஆண்டுதோறும் கல்லூரிகள் மொத்தமாக இறக்குகின்றன. போகிறவளுக்கு 13,000, வருகிறவளுக்கும் 13,000. விலை ஏன் ஏறும்?

வருகிறவர்கள் எல்லாரும் வெளிநாடு போகத்தான் வருகிறார்கள். நாங்கள் ஒரு காத்திருப்பு அறை.

2023 ஜனவரி 9

மேலே எழுதிய கடைசி வரி தவறு. படுத்த பிறகு உறுத்தியது. காலையில் போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். 2022-இல் எங்களை விட்டுப் போனவர்கள் 41 பேர். வெளிநாடு போனவர்கள் 9 பேர்தான். 14 பேர் இதே சென்னையில் வேறு மருத்துவமனைக்கு, பெரும்பாலும் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கூடுதலுக்காக. 11 பேர் கல்யாணம், பிரசவம். 4 பேர் அரசு ஒப்பந்த வேலை. மீதி 3 பேர் தொழிலையே விட்டவர்கள். அதில் ஒருத்தி பழைய மகாபலிபுரம் சாலையில் மெடிக்கல் கோடிங் நிறுவனத்தில் இருக்கிறாள். அமெரிக்க நோயாளியின் கோப்பைக் கணினியில் பார்த்து எண் போடுகிற வேலை. "மேடம், இங்கே யாரும் வாந்தி எடுப்பதில்லை" என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

ஆக, வெளிநாட்டு மோகம் என்று நான் பழகிப்போய்ச் சொல்கிற வசனம் என் பதிவேட்டுக்கே பொருந்தவில்லை. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்காக விடுதி மாற்றி, ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சூளைமேட்டிலிருந்து பெருங்குடிக்குப் போகிறாள் என்றால், அந்தப் பணம் அவளுக்கு எவ்வளவு பெரியது என்றுதான் யோசிக்க வேண்டும்.

2023 ஜனவரி 11

அரசு வேலைக்குக் காத்திருக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த வாரச் செய்தியைப் பார்த்துவிட்டுமா?

கொரோனா நேரத்தில், 2020-இல், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பட்டியலிலிருந்து எடுத்த ஒப்பந்த நர்சுகள். மாதம் 14,000. முழுக் கவச உடைக்குள் வியர்த்து, வீட்டுக்குப் போகாமல் வேலை செய்தவர்கள். டிசம்பர் 31-ஆம் தேதியோடு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நிறுத்திவிட்டார்கள். போராட்டம் நடக்கிறது. மாவட்ட சுகாதாரச் சங்கம் மூலம் 18,000 ரூபாயில் மாற்று வேலை என்று அமைச்சர் சொல்கிறார். அதுவும் ஒப்பந்தம்தான். என்னிடம் இருந்துவிட்டு அங்கே போன பெண் ஒருத்தி நேற்றுத் தொலைபேசியில் பேசினாள். "திரும்ப வரலாமா?" என்று கேட்கத்தான் அழைத்தாள், கேட்கவில்லை. நானும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

இது புதிதும் இல்லை. 2015-இல் தேர்வெழுதி வந்தவர்களுக்குத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்று நம்பிச் சேர்ந்தார்கள். 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். (அரசு மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அதன் பிறகே 14,000 ஆனது. நிரந்தரம் ஆனவர்களுக்குச் சம்பளம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், ஓய்வு பெறும்வரை கவலை இல்லை. அதனால்தான் பிள்ளைகள் முப்பது வயது வரை அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தனியார் முதலாளிக்கு இது நல்ல செய்தி. அரசே 14,000 கொடுத்தால் அவர் ஏன் 20,000 கொடுக்க வேண்டும்?

2023 ஜனவரி 20

"20,000 கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே" என்று மூன்று பேர். பாதி சரி.

2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் ஒரு குழு அமைக்கச் சொன்னது. குழு பரிந்துரைத்தது இது: 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்சுக்கு இணையான சம்பளம். 100-க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-க்குக் கீழே இருந்தாலும் 20,000-க்குக் குறையக் கூடாது. இதைச் சட்டமாக்குவது மாநிலங்களின் வேலை என்று விட்டுவிட்டார்கள். கேரளத்தில் நர்சுகள் தெருவில் இறங்கி, 2018-இல் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பையே வாங்கிவிட்டார்கள். இங்கே அந்த அறிக்கையை என் மேசை இழுப்பறையில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். அதன்படி எங்கள் 110 படுக்கைக்கு என்ன சம்பளம் வரும் என்று கணக்குப் போட்டு நிர்வாக இயக்குநரிடம் ஒருமுறை காட்டினேன். அவர் நல்ல மனிதர், சிரித்தார்.

அவர் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் இது புலம்பல் ஆகிவிடும். காப்பீட்டுத் திட்டத்தில் ஓர் அறுவைச் சிகிச்சைக்கு இவ்வளவு என்று கட்டிவைத்த தொகை. அதில் மருத்துவர் கட்டணத்தைக் குறைத்தால் மருத்துவர் அடுத்த மருத்துவமனைக்குப் போய்விடுவார், நோயாளிகளும் அவர் பின்னாலேயே போவார்கள். மருந்து, கருவி விலை நம் கையில் இல்லை. குறைக்க மிஞ்சுவது யார்? நர்ஸ் போனால் அவள் பின்னால் எந்த நோயாளியும் போவதில்லை. பெயர்கூடத் தெரியாது, "சிஸ்டர்" என்றால் யாரோ ஒரு சிஸ்டர் வருவாள்.

2023 ஜனவரி 21

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பது. இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு பொது மருத்துவமனைக்கு ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதல். போன செவ்வாய் இரவு எங்கள் பொது வார்டில் பதினெட்டுப் பேருக்கு ஒருத்தி. அவளுக்கு வயது 22. விடியற்காலை நான்கு மணிக்கு இரண்டு படுக்கையின் அழைப்பு மணியும் ஒரே நேரத்தில் அடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

2023 பிப்ரவரி 14

ஆயா வேலைக்கு ஆள் கிடைப்பது நர்ஸ் கிடைப்பதைவிடக் கடினம். சிரிக்காதீர்கள். போன வாரம் வந்த அம்மாள் என்னையே நேர்காணல் செய்தார். "ஞாயிறு லீவா? மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் உண்டா? டாக்டர் கத்துவாரா?" மூன்றுக்கும் உண்மையைச் சொன்னேன். போய்விட்டார். பட்டம் படித்த பிள்ளை ஒருத்திகூட இதுவரை என்னிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டதில்லை.

2023 மார்ச் 19

இரண்டு மாதமாக இங்கே நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது என் வீட்டுக் கதை.

அம்மாவுக்குப் பக்கவாதம். வலப்பக்கம் வரவில்லை. எனக்கு டூட்டி, தம்பி பெங்களூரில். ஓர் ஏஜென்சி மூலம் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தோம். மாதம் 24,000 ரூபாய் ஏஜென்சிக்கு. வந்தவர் ஊத்துக்கோட்டைப் பக்கம், நாற்பது வயது இருக்கும், தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பதைப் பார்த்தேன். இருபத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ள நான் அப்படிச் செய்ய மாட்டேன், அவ்வளவு பக்குவம். இரவில் தன் துப்பட்டாவின் ஒரு முனையை அம்மாவின் இடது மணிக்கட்டில் தளர்வாகக் கட்டி, மறு முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே படுப்பார். அம்மா அசைந்தால் விழிப்பு வந்துவிடும். எங்கள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் லட்ச ரூபாய்க் கருவி செய்கிற வேலை அது.

அவர் கைக்கு எவ்வளவு வருகிறது என்று மூன்றாவது வாரம்தான் கேட்டேன். 16,000. மாதத்தில் இரண்டு நாள் விடுப்பு. அதற்கும் மாற்று ஆள் வந்தால்தான். ஆதார் அட்டை ஏஜென்சியிடம் இருக்கிறதாம். நகலா, அசலா என்று கேட்டேன். அசல்.

"அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள்" என்று ஜனவரியில் இங்கே முழங்கியது யார்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் 24 மணி நேரம், மாதத்தில் 28 நாள். மணிக்கு 24 ரூபாய்கூட வரவில்லை. எங்கள் மருத்துவமனை வாசலில் சைக்கிள் நிறுத்தப் பத்து ரூபாய். அடையாற்றிலும் அண்ணா நகரிலும் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிற ஒவ்வொரு அடுக்ககத்திலும் இப்படி ஒருவர் தரையில் படுத்திருக்கிறார். இவர்களுக்குக் கவுன்சில் இல்லை, பதிவெண் இல்லை, டி.எம்.எஸ். வளாகத்தில் போய் உட்கார வழியும் இல்லை. ஒரே வீட்டுக்குள் தனித்தனியாக அடைபட்டவர்கள் எப்படிக் கூடுவார்கள்?

2023 மார்ச் 20

"அப்படியென்றால் நீங்களே கூடுதலாகக் கொடுப்பதுதானே?" என்று கேட்டவருக்கு: கேட்க வேண்டிய கேள்விதான். ஏஜென்சியோடு போட்ட ஒப்பந்தத்தில், அவர்கள் அனுப்பிய ஆளை நேரடியாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அதைச் சாக்காகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் என் சம்பளத்தில் 24,000-க்கு மேல் போனால் வீட்டு வாடகை இடிக்கும் என்பதுதான் உண்மை. நிர்வாக இயக்குநர் சிரித்த சிரிப்பின் பொருள் இப்போது விளங்குகிறது. விளங்குகிறது என்றுதான் சொல்கிறேன், சரி என்று சொல்லவில்லை.

இப்போதைக்குச் செய்தது: வாரம் ஒருநாள் என் ஆஃப் நாளில் அவருக்கும் ஓய்வு, ஊருக்குப் போய்வரப் பஸ் பணம் தனியாக என் கையிலிருந்து, ஆதாரைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி ஏஜென்சிக்கு எழுத்தில் ஒரு கடிதம். கடிதத்தைப் பார்த்து அவர் பயந்தார். "வேலை போய்விடுமா அக்கா?" என்றார்.

2023 மே 12

உலக செவிலியர் தினம். கேக் வெட்டினார்கள். ஆளுக்கு ஒரு ரோஜா. நைட் டூட்டிப் பிள்ளைகளுக்கு எடுத்து வைத்த துண்டுகளை எலி தின்றுவிட்டது.

மத்திய அரசு மருத்துவமனைகளில் 2016-இலிருந்து ஸ்டாஃப் நர்சுக்கு "நர்சிங் ஆபிஸர்" என்று பெயர். எங்கள் நிர்வாகமும் அப்படி மாற்றலாமா என்று கேட்டது. அதற்குச் செலவில்லை.

2023 ஜூன் 17

பஸ் பற்றி யாரோ கேட்டிருந்தார்கள், தலைப்புக்குச் சம்பந்தம் இல்லை என்று இன்னொருவர் கண்டித்திருக்கிறார். சம்பந்தம் இருக்கிறது. 2021 மே மாதம் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. எங்கள் பிள்ளைகள் பலருக்கு மாதம் எழுநூறு, எண்ணூறு மிச்சம். எந்த முதலாளியும் கொடுக்காத சம்பள உயர்வு அது. ஆனால் இரவு எட்டு மணிக்கு டூட்டி முடிந்து, அடுத்தவளிடம் ஒப்படைத்து வெளியே வர ஒன்பது ஆகும்போது அந்தப் பேருந்து வருவதில்லை. ஷேர் ஆட்டோதான். காலையில் மிச்சம் பிடித்தது இரவில் போய்விடும்.

கிண்டியில் கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை நேற்று முன்தினம் திறந்தார்கள், ஆயிரம் படுக்கை. எங்கள் வார்டு முழுக்க அதே பேச்சு. "அங்கே ஆள் எடுப்பார்களா மேடம்?" என்று ஒரே நாளில் ஆறு பேர் கேட்டார்கள். ஆறு பேரும் இருக்கிறவர்களிலேயே நல்ல பிள்ளைகள். ஏப்ரலில் நாடு முழுக்க 157 புதிய நர்சிங் கல்லூரிகளுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது, தட்டுப்பாடு தீரும் என்று தொலைக்காட்சியில் பேசினார்கள். என் பதிவேட்டில் போன 41 பேரும் கல்லூரி இல்லாததால் போனவர்கள் அல்ல.

2023 ஜூலை 9

திண்டிவனத்து ஐயா மறுபடி வந்திருக்கிறார், மகிழ்ச்சி. மகள் 15,500-க்குச் சேர்ந்துவிட்டாளாம், அசல் சான்றிதழ் கையில் இருக்கிறதாம். நல்லது. தக்காளி கிலோ நூறைத் தாண்டிவிட்டதையும் குத்திக்காட்டியிருக்கிறார். விலை ஏறியதும் அரசு ரேஷன் கடையில் அறுபது ரூபாய்க்கு விற்கிறது. தக்காளி வாங்குகிறவருக்காக இறங்கி வருகிறார்கள். நர்ஸ் விற்கிற பக்கம் நிற்கிறாள்.

அடுத்து என்ன என்று கேட்கிறார். வெளிநாடு என்றால் இப்போதே மொழி தொடங்க வேண்டும். ஜெர்மனி என்றால் ஜெர்மன் மொழியில் பி2 என்ற தேர்ச்சி நிலை, அது விளையாட்டல்ல, வேலை செய்துகொண்டே படித்தால் ஓராண்டுக்கு மேல் இழுக்கும். பிரிட்டன் என்றால் ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வு. வளைகுடா நாடுகளில் பெரும்பாலும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்பார்கள். தரகரிடம் லட்சக்கணக்கில் கொட்டும் முன், கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கே ஒருமுறை போய்க் கேளுங்கள்.

வளைகுடாவில் கேட்பது இரண்டு ஆண்டு, தனியார் மருத்துவமனை ஒப்பந்தமும் இரண்டு ஆண்டு. இந்த ஒற்றுமையை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். உங்கள் மகள் 15,500 சம்பளம் வாங்கவில்லை ஐயா. அனுபவச் சான்றிதழ் ஒன்றைத் தவணையில் வாங்குகிறாள். குறைகிற சம்பளம்தான் மாதத் தவணை. வெளிநாடு போகாத மற்றவர்களும் அதே தவணையைக் கட்டுகிறார்கள், பொருளை எடுக்காமலே.

2023 ஜூலை 10

அனுபவச் சான்றிதழ் தர மறுத்தால் என்ன செய்வது என்பவருக்கு: சேர்க்கைக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் வந்த பதிவு, டூட்டிப் பட்டியலின் புகைப்படம், எல்லாவற்றையும் முதல் மாதத்திலிருந்தே சேர்த்து வையுங்கள். விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், கையில் கொடுத்தால் "வரவே இல்லை" என்பார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

2023 ஆகஸ்ட் 6

அம்மா ஜூலை 22 அன்று போய்விட்டார். ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. ஊத்துக்கோட்டைக்காரர் பதினாறாம் நாள் வரை இருக்கிறேன் என்றார், ஏஜென்சி விடவில்லை. நான்காம் நாளே வளசரவாக்கத்தில் வேறு வீடு. ஆதார் கையில் வந்துவிட்டதா என்று கேட்டேன். வந்துவிட்டதாம்.

2023 ஆகஸ்ட் 27

பலகை மறுபடி மாறுகிறது, அலுவலகத் தொலைபேசி எண் மாறியதால். இந்த முறை சம்பளத்தையும் பலகையில் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். 17,000 என்று போட்டால் ஏற்கெனவே இருக்கிறவர்கள் படித்துவிடுவார்கள் என்றார் கணக்காளர். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் கேட்கிறேன் என்றேன். கோப்பு மேலே போயிருக்கிறது.

நேற்று நேர்காணலுக்கு இரண்டு பேர் வந்தார்கள். முதல் பிள்ளை சம்பளத்தைக் கேட்கவே இல்லை. "இரண்டு வருடம் முடிந்த அன்றைக்கே சான்றிதழ் தருவீர்களா மேடம்?" என்றாள். இரண்டாவது பிள்ளை, நைட் டூட்டியில் ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளி என்று கேட்டாள். இந்த வேலைக்கு வந்து ஒன்பது ஆண்டில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள். உண்மையைச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறாள். திங்கட்கிழமை வரை அவளுக்காக இடத்தை வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.